பீரோவை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் 'பீரோ புல்லிங்' என்ற சொல் தலைகாட்டும். சென்னைப் புறநகர்ச் செய்திகளில் காவல்துறையினரும் நிருபர்களும் ஒருவகை வீட்டுத் திருட்டுக்குப் பத்தாண்டுக்கும் மேலாகப் புழங்கிவரும் சொல் அது. நாற்காலி என்றால் பதவி, மேசைக்கு அடியில் என்றால் கையூட்டு என்று வீட்டுச் சாமான்களுக்கு நம்மூரில் இரண்டாவது பொருள் இருப்பது புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுதும் மேசையாகவும் அலுவலகமாகவும் இருந்த 'பீரோ' என்ற சொல், நம்மிடம் வந்து துணிமணியும் நகையும் வைக்கும் இரும்பு அலமாரியானது. அரசியல் பக்கத்தில் 'பொலிட் பீரோ' கூடுகிறது, குற்றப் பக்கத்தில் பீரோ இழுபடுகிறது. இதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பீரோ செய்கிற, பழுது பார்க்கிற பட்டறைக்காரர்களாக எங்களுக்கு உள்ள குறை வேறு. அந்தப் பெயரைப் படிப்பவர்கள் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

'புல்லிங்' என்றதும், திருடர்கள் பீரோவையே வெளியே இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் பட்டறைக்கு வருபவர்கள், "இழுக்கவே முடியாதபடி கனமாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். நடப்பது அதுவல்ல. இரவில் காற்றுக்காகத் திறந்து வைத்த ஜன்னல், அதன் பக்கத்தில் பீரோ, வீட்டார் ஹாலிலோ மொட்டை மாடியிலோ உறக்கம். வெளியே நிற்பவன் பீரோவை ஜன்னல் வரைக்கும் நகர்த்தி, ஆள் உள்ளே வராமலே கதவை நெம்பித் திறந்து, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போகிறான். பீரோ வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். அது நகர்வது இரண்டடியோ மூன்றடியோதான். அந்த இரண்டடியைத் தடுத்துவிட்டால் இந்தத் திருட்டுக்கு வழியே இல்லை.

கனம் ஏன் உதவாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வழக்கமான பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், 19 அங்குல ஆழம். மடிப்பு, தட்டு, லாக்கர் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 சதுர மீட்டர் தகடு பிடிக்கும். 20 கேஜ் தகட்டின் தடிமன் 0.91 மில்லிமீட்டர், அதில் செய்தால் வெறும் பீரோ சுமார் 70 கிலோ. 22 கேஜ் 0.71 மில்லிமீட்டர், அதில் 55 கிலோ. விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் கதவு மட்டும் 20, மற்றதெல்லாம் 22 அல்லது அதற்கும் மெலிது. உள்ளே பட்டுப் புடவை, பாத்திரம், பத்திரம் என்று இன்னும் 80 கிலோ வையுங்கள். மொத்தம் 150 கிலோ. ஆனால் ஒரு பொருளைத் தரையில் நகர்த்த அதன் முழு எடைக்கு ஈடான விசை தேவையில்லை. வழவழப்பான டைல் தரையில் பீரோவின் காலுக்கு அடியில் இருக்கும் நைலான் புஷ், எடையில் ஐந்திலொரு பங்கு விசைக்கே வழுக்கிவிடும். அதாவது சுமார் 30 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையைத் தூக்குவதைவிடக் குறைந்த வேலை. இதையே 18 கேஜில், 1.2 மில்லிமீட்டர் தகட்டில் செய்து வாங்கினால் எடை 25 கிலோ கூடும், இழுக்கத் தேவையான விசை கூடுவதோ ஐந்து கிலோ. அந்த ஐந்து கிலோவுக்காக வீட்டுக்காரர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்களுக்கு லாபம்தான். இருந்தாலும் அதை வாங்க வேண்டாம் என்றே சொல்கிறோம்.

நைலான் புஷ்ஷைக் கழற்றிவிட்டு ரப்பர் புஷ் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ரப்பர் நன்றாகப் பிடிக்கும், உண்மை. ஆனால் 19 அங்குல ஆழமுள்ள பொருள் ஆறரை அடி உயரத்தில் நிற்கிறது. அடி வழுக்காமல் பிடித்துக்கொண்டால், கைப்பிடி உயரத்தில் முன்பக்கமாக இழுக்கும்போது 35 கிலோ விசையைத் தாண்டினாலே முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு பீரோ சாயும். நகராத பீரோ விழுகிற பீரோவாக மாறும், பக்கத்தில் குழந்தை படுத்திருந்தால் நகைபோனது ஒரு பொருட்டாக இருக்காது. ரப்பர் புஷ் போடுவதாக இருந்தால் மேலே சுவரோடு பிடித்த பிறகு போடுங்கள். இன்னொரு பக்கம், அடியில் பெருக்கித் துடைக்க வசதி என்று வாஷிங் மெஷினுக்கு விற்கும் சக்கர ஸ்டாண்டை பீரோவுக்கும் வாங்கிப் போடுகிறார்கள். திருடனின் வேலையில் பாதியை நாமே முடித்துக் கொடுப்பது என்றால் அதுதான்.

பீரோ எந்த அறையில் இருக்கிறது என்று திருடனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோமே! கன்னி மூலையில், வடக்குப் பார்த்து. வாஸ்து பார்க்கும் வீடுகளில் தென்மேற்கு அறையின் தென்மேற்கு மூலை பீரோவுக்கு என்று எழுதாத சட்டம். வடக்குப் பார்க்க வேண்டுமானால் முதுகு தெற்குச் சுவரில். அந்த அறையின் மேற்குச் சுவரிலோ தெற்குச் சுவரிலோ ஜன்னல் இருந்தே தீரும், இரண்டும் வெளிச்சுவர். ஆகவே பீரோவின் பக்கவாட்டுக்கு ஓர் அடி தள்ளி ஜன்னல். தெருவிலிருந்து திசை மட்டும் தெரிந்தால் போதும். நம்பிக்கையை மாற்றச் சொல்லவில்லை. மூலை அப்படியே இருக்கட்டும், ஆனால் ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கம்பி இடைவெளியில் கை மட்டும் விட்டால் இரண்டடி எட்டும், கையில் ஒரு கழி இருந்தால் எட்டடி எட்டும். பத்துக்குப் பத்து அறையில் அதற்கு எட்டாத இடம் ஏது? தள்ளி வைப்பது துணை ஏற்பாடுதான். முதல் வேலை, சுவரோடு பிடிப்பது.

அதைச் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான்.

முதலில் பீரோவைக் காலி செய்துவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும், இடமும் வலமும். தரை சரிந்திருந்தால் தாழ்ந்த காலுக்கு அடியில் 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு வைத்து நிரவ வேண்டும். இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் தெரிந்தால் மட்டம் சரி. மேலே அகலமாகவும் கீழே ஒட்டிக்கொண்டும் இருந்தால் உடல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் போல்ட் முடுக்கினால் அந்த முறுக்கு நிரந்தரமாகிவிடும்.

அடுத்தது சுவருக்கும் பீரோவின் முதுகுக்கும் இடையிலுள்ள சந்து. சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல் 10 அல்லது 12 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பீரோ அதில் முட்டி நிற்கும், மேலே சந்து விழும். அந்தச் சந்தை நிரப்பாமல் போல்ட் முடுக்கினால் முதுகுத் தகடு உள்வாங்கும், தட்டுகள் கோணும், கடைசியில் கதவு சேராது. ஒவ்வொரு போல்ட்டும் வரும் இடத்தில் சந்தின் அளவுக்கே பிளைவுட் துண்டு ஒன்று வையுங்கள். சந்தை முழுக்க அடைக்கவும் வேண்டாம். வெளிச்சுவரில் மழைக்கால ஈரம் இறங்கும், காற்றோட்டம் இல்லாவிட்டால் முதுகுத் தகடு இரண்டு மூன்று மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பொரியும்.

துளை நான்கு. மேலிருந்து ஆறு அங்குலம் கீழே இரண்டு, அடித்தட்டிலிருந்து ஆறு அங்குலம் மேலே இரண்டு. பக்கவாட்டு மூலையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்கட்டும். அங்கேதான் முதுகுத் தகடு பக்கத் தகட்டோடு மடிந்து ஸ்பாட் வெல்டிங் ஆகியிருக்கும், பலம் அதிகம். நடு முதுகில் போட்டால் தகடு உடுக்குபோல் அதிரும். போல்ட்டின் தலையைத் தகட்டின் மேல் நேராக உட்கார வைக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, நான்கைந்து முறை பலமாக ஆட்டினாலே துளையைச் சுற்றிக் கிழிந்து போல்ட் தலை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். 25க்கு 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை, 34 அங்குல நீளத்தில் இரண்டு வெட்டி, பீரோவுக்கு உள்ளே கிடைவாட்டில் வைத்து, அதன் வழியாக இரண்டிரண்டு போல்ட் போடுங்கள். பிடிப்பு பட்டை முழுக்கப் பரவும்.

போல்ட்டின் நீளத்தில்தான் கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் ஏமாறுகிறார்கள். 8 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) என்று கேட்டால் 65 மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். கூட்டிப் பாருங்கள். பட்டை 3, தகடு 1, பிளைவுட் 12, சுவரின் பூச்சு 15. ஆக 31 மில்லிமீட்டர் செங்கல்லைத் தொடுவதற்கு முன்பே போய்விடுகிறது. மீதி 34 மில்லிமீட்டர்தான் கல்லுக்குள். குறைந்தது 50 வேண்டும். அதனால் 100 மில்லிமீட்டர் போல்ட் கேட்டு வாங்குங்கள். உறையோடு வரும் போல்ட் என்றால் உறையின் அளவுக்குத் துளை, போல்ட்டின் அளவுக்கு அல்ல. தகட்டை இரும்புக்கான பிட்டில், டிரில்லின் ஹேம்மர் (தட்டித் துளைக்கும் வசதி) போடாமல் துளைத்துவிட்டு, பிறகு சுவருக்கான பிட்டை மாற்ற வேண்டும். ஒரே பிட்டில் ஹேம்மரோடு அடித்தால் தகடு நெளிந்து பவுடர் கோட்டிங் செதில் செதிலாக உரியும். துளை விளிம்பில் மறக்காமல் ரெட் ஆக்சைடு பிரைமர் தொட்டுவிடுங்கள். கீழே விழுந்த இரும்புத் தூளையும் உடனே கூட்டி எடுத்துவிட வேண்டும், ஈரம் பட்டால் டைலில் துருக்கறை பதிந்துவிடும்.

துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள கலவையில் விழுந்தால் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், முடுங்காது. பிட்டோடு வரும் தூள் செக்கச்செவேலென்று இருந்தால் கல், சாம்பல் நிறமென்றால் கலவை; அரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் இன்னும் கவனம். ஹாலோ பிளாக் சுவரில் விரியும் போல்ட் கூடாது, உள்ளிருக்கும் வெற்றிடத்தில் ஓடு உடைந்து துளை பெரிதாகும். அதற்குச் சல்லடை உறையோடு ரசாயனப் பசை விட்டுப் பிடிக்கும் முறை இருக்கிறது. எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லுக்கென்று தனியாக நீளமான நைலான் பிளக் கிடைக்கும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்காதீர்கள், வயர் குழாய் அந்தக் கோட்டில்தான் போகும். மறுபுறம் குளியலறை என்றால் தண்ணீர்க் குழாய் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான்கும் நன்றாக முடுங்கிய பீரோ கைவிசைக்கு அசையாது. போல்ட்டின் தலை பீரோவுக்குள் இருப்பதால் கதவைத் திறந்தால்தான் கழற்ற முடியும்.

இனி கதவு. பீரோவின் கைப்பிடியைத் திருகும்போது உள்ளே மூன்று திசையில் வேலை நடக்கிறது. ஒரு கம்பி மேல் சட்டத்துளைக்குள் ஏறுகிறது, ஒன்று கீழே இறங்குகிறது, நடுவில் ஒரு தாழ் பக்கவாட்டில் போய் மாட்டுகிறது. சாவி செய்வதெல்லாம் அந்தக் கைப்பிடி மீண்டும் திரும்பாமல் தடுப்பது மட்டும்தான். பிடிமானம் கம்பிகளிடம் இருக்கிறது. நாம் முன்பு சொன்ன முறுக்கு விழுந்த பீரோவில் மேல் கம்பி துளைக்கு நேராக வராது, சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வீட்டில் என்ன செய்கிறார்கள்? கைப்பிடி இறுகுகிறது என்று எண்ணெய் விடுகிறார்கள். இன்னும் இறுகினால் பலம் கொடுத்துத் திருகுகிறார்கள். கம்பி வளைந்து ஒதுங்கிக்கொள்ளும், கைப்பிடி லேசாகத் திரும்பும், பூட்டும் விழும். பார்வைக்குப் பூட்டிய பீரோ. உண்மையில் நடுத்தாழ் ஒன்றில் தொங்குகிறது. அப்படிப்பட்ட கதவின் மேல் மூலையை விரலால் பிடித்து இழுத்தாலே கால் அங்குலம் வாய் பிளக்கும். இன்று இரவே உங்கள் பீரோவைப் பூட்டிவிட்டு மேல் மூலையையும் கீழ் மூலையையும் இழுத்துப் பாருங்கள். பிளந்தால் புதுப் பூட்டு வாங்கப் போக வேண்டாம், காலுக்கு அடியில் தகட்டுத் துண்டு வைத்து மட்டம் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட பீரோக்கள் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாதவற்றில் கம்பியை நிமிர்த்தி, தேய்ந்து அகன்ற துளைக்கு மேல் 3 மில்லிமீட்டர் தகட்டில் புதுத்துளை போட்டு வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு மணி நேர வேலை.

உள்ளே இருக்கும் லாக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் அதே தகடுதான். லாக்கருக்குப் பின்னாலோ அடியிலோ வைக்கும் 'ரகசிய அறை' எல்லாப் பட்டறையிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பதால் வீட்டுக் குழந்தைகளைத் தவிர யாருக்கும் அது ரகசியமில்லை. பீரோ வேறு, பெட்டகம் வேறு. பெட்டகத்துக்கு இந்தியத் தரநிலையில் ஐ.எஸ். 550 என்று தனி விவரக்குறிப்பே இருக்கிறது. கோத்ரேஜ் நிறுவனம் 1897இல் பூட்டில் தொடங்கி 1923இல் இரும்பு அலமாரிக்கு வந்ததால், நம் மக்கள் எந்தப் பட்டறையில் செய்த பீரோவையும் 'கோத்ரேஜ் பீரோ' என்று சொல்லி, அதைப் பெட்டகமாகவே நினைத்துவிட்டார்கள். இப்போது நம்பர் அமுக்கித் திறக்கும் சின்னப் பெட்டகங்கள் வருகின்றன. பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். முதுகிலும் அடியிலும் போல்ட்டுக்குத் துளை போட்டுத்தான் விற்கிறார்கள், அந்தப் போல்ட்டைப் போடுபவர்கள்தான் குறைவு. புடவைகளுக்கு நடுவில் சும்மா வைத்துவிடுகிறார்கள். பீரோவை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை, ஆனால் இதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போய்விடலாம். பீரோவைச் சுவரோடு பிடிக்கும்போது அதே பட்டையிலேயே பெட்டகத்தின் முதுகையும் சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

சாவி பீரோ உச்சியில், சாவி தலையணைக்கு அடியில், சாவி பூட்டிலேயே. இதற்கு மேல் எழுத மனமில்லை. சாவியில் எண் பொறித்திருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டாவது சாவியை வேறு வீட்டில் வையுங்கள்.

ஜன்னலுக்கு வருவோம். இந்தத் திருட்டுக்கு 'ஜன்னல் திருட்டு' என்றே பெயர் வைத்திருக்கலாம். மரச்சட்டத்தில் 12 மில்லிமீட்டர் கம்பி, 4 அங்குல இடைவெளி, சட்டத்துக்குள் ஒரு அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும் என்பது பழைய தச்சர்களின் கணக்கு. பூச்சி அரித்த சட்டத்தில் கம்பி எவ்வளவு தடித்தாலும் பயனில்லை, சட்டம்தான் முதலில் பிளக்கும். கிரில் என்றால் அது எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கத்திலிருந்து சாதாரணத் திருகாணி போட்டிருந்தால் அது ஸ்க்ரூ டிரைவருக்குக் கழன்றுவரும். திருகாணித் தலையில் ஒரு சொட்டு வெல்டிங் வைத்துவிட்டால் போதும். புதிய அடுக்ககங்களில் யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) நகர்கதவு ஜன்னல் வைத்துவிட்டு, அழகு கெடும் என்று கிரில்லே வைப்பதில்லை. தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் அது கூடாது. ஏர் கூலருக்காக கிரில்லின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த ஜன்னல்கள் இன்னொரு வகை. கூலர் பழுதாகிப் போன பிறகும் அந்த ஓட்டை அட்டை ஒட்டி அப்படியே இருக்கும். கொசுவலை வேண்டுமானால் ஸ்டீல் வலையாகப் போடுங்கள், நைலான் வலை பிளேடுக்கு அரை நிமிடம் தாங்காது. வெயிலில் ஜன்னலை மூடித் தூங்கச் சொல்வது நடவாத காரியம். பீரோ இருக்கும் அறையின் ஜன்னலை மூடிவிட்டு மற்ற அறைகளைத் திறந்து வைக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பீரோ கதவில் ஒட்டும் காந்த அலாரம் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் இரும்புக் கதவில் நேராக ஒட்டினால் காந்தப் புலம் இரும்புக்குள் ஓடிவிடும், கதவு மூடியிருக்கும்போதே திறந்ததாக நினைத்து அலறும். வீட்டார் இரண்டு நாளில் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். காந்தத்துக்கும் கருவிக்கும் அடியில் ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கோ மரமோ வைத்து ஒட்டினால் ஒழுங்காக வேலை செய்யும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்பது நியாயமான கேள்வி. மேலே இரண்டு துளைக்காவது கேட்டுப் பாருங்கள், காலி செய்யும்போது கால் கிலோ வெள்ளைச் சிமென்டில் அடைத்துவிடலாம். அதற்கும் ஒப்பவில்லை என்றால் ஜன்னல் இல்லாத சுவருக்கு பீரோவை மாற்றி, ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மரக்கட்டிலைப் போடுங்கள். கட்டிலைத் தாண்டி பீரோ வர முடியாது. நகை இருந்தால் வங்கி லாக்கர். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, திருட்டு, தீ, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். உள்ளே இருந்த நகையின் மதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் தெரிந்துகொண்டு வையுங்கள்.

கடைசியாக, காவல் நிலையத்திலும் காப்பீட்டிலும் தடுமாறும் இடங்கள். "உள்ளேயே வரவில்லையே, வெளியே நின்று கைதானே விட்டான், இது வீடு புகுந்த குற்றமாகுமா?" என்று கேட்கிறார்கள். ஆகும். உடலின் எந்தப் பகுதி நுழைந்தாலும் நுழைந்ததுதான் என்று சட்டமே சொல்கிறது. சுவரில் துளை போட்டுக் கையை விடுவது வீடு உடைப்பு என்ற உதாரணம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 330ஆவது பிரிவு. சூரியன் மறைந்த பின் உதிப்பதற்குள், திருடும் நோக்கத்தோடு நடந்தால் 331(4)இன்படி 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. வீட்டுக்குள் திருடியதற்கு 305ஆவது பிரிவு தனி. ஆகவே புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்ப வேண்டாம், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள், காப்பீட்டுக்கு அதுதான் வேண்டும். செய்தியில் 'கொள்ளை' என்று போடுகிறீர்கள், கூட்டுக்கொள்ளைக்குச் சட்டப்படி ஐந்து பேராவது வேண்டும். ஆளே பார்க்காத இரவில் நடப்பது திருட்டுத்தான்.

காப்பீட்டில் இந்த வேறுபாடு பணமாகவே வந்து நிற்கும். வீட்டுக் களவுக் காப்பீடுகளில் பெரும்பாலும் 'பலவந்தமாக நுழைந்த' திருட்டுக்குத்தான் இழப்பீடு. பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் பலவந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜன்னல் திறந்திருந்து, சாவி பூட்டிலேயே இருந்து, பீரோவில் ஒரு கீறலும் இல்லாமல் நகை போனால் கோரிக்கை நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். சாவியால் திறந்து எடுத்ததற்கு, அந்தச் சாவியை மிரட்டிப் பறித்திருந்தால் ஒழிய, இழப்பீடு இல்லை என்று எழுதிய பாலிசிகளும் உண்டு. நகையைத் தனிப் பட்டியலாக, மதிப்பீட்டுச் சான்றோடு சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

நடந்துவிட்டால் 100க்கோ 112க்கோ அழைத்துவிட்டு, பீரோவைத் தொடாமல் விடுங்கள். பவுடர் கோட்டிங் போட்ட வழவழப்பான பரப்பில் கைரேகை நன்றாகவே பதியும். பதற்றத்தில் பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கதவைச் சாத்தி, சிதறிய துணியை மடித்து வைப்பவர்கள் பலர். தரையில் கால் இழுபட்ட கீறல், ஜன்னல் சட்டத்தில் நெம்பிய தடம், கதவு மடிப்பில் விழுந்த வளைவு, இவை மூன்றும்தான் பலவந்தத்துக்குச் சாட்சி. காவல்துறையினர் வந்து பார்ப்பதற்குள் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நெம்பிய கதவை அடித்து நிமிர்த்தித் தரச் சொல்லி எங்களிடம் கொண்டுவருகிறார்கள். ஒருமுறை மடங்கிய தகட்டு மடிப்பு நிமிர்த்தினாலும் பழைய பிடிப்புக்கு வராது. கதவையும் பூட்டையும் மாற்றுவதே சரி.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை சவரன் போனது என்பதைத் தலைப்பிலேயே போடுகிறீர்கள். அதோடு, ஜன்னல் திறந்திருந்ததா, கிரில் எப்படிப் பெயர்ந்தது, பீரோ எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது, சுவரோடு பிடித்திருந்ததா, சாவி எங்கே இருந்தது என்ற ஐந்தையும் நிருபர்கள் கேட்டு எழுதட்டும். கூடவே, வீட்டு எண்ணும் தெருவும் குடும்பத் தலைவரின் பெயரும் அச்சில் வர வேண்டிய அவசியமில்லை. ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் இன்னும் என்ன மீதி இருக்கிறது என்பதையும் சில செய்திகள் எழுதிவிடுகின்றன.

கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கினால் சுருக்குங்கள், போல்ட்டின் நீளத்தையும் பட்டையின் அளவையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்டீல் பீரோ பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
அம்பத்தூர், சென்னை.